தம்பியைத் தூங்கவைத்த வாய்ப்பாடு

"இன்னாடி நோண்டற? ஆயா ஏன் நாலாவதோட நின்னுட்டேன்னு தெரிஞ்சாதான் உனக்குச் சோறு எறங்குமா? புத்தகத்தப் பாருடி."

பேத்தியை விரட்டிவிட்டேனே தவிர, மனசு சேரப்பணஞ்சேரிப் பள்ளிக்கூடத்துக்கு ஓடிவிட்டது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். அம்மா அரைநாள் நடவுக்குப் போய்விடுவாள். ஏழு மாதத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போவேன். ஜன்னல் கம்பியில் தூளி கட்டிப் போட்டால் கொஞ்ச நேரம் தூங்குவான். அப்புறம் அலறுவான். நான் அவனோடு வெளியே நிற்பேன். பாடம் உள்ளே நடக்கும்.

"இன்னும் ஒரு வாரம் பாப்பேன். அப்பறம் புள்ளையத் தூக்கிக்கினு வராத," என்றார் டீச்சர். அவனை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவது?

சிலேட்டுப் பலகையில் கோடு போட்டுப் பார்த்தேன். அழுகைக்கு முன்னால் என்ன, அதற்கும் முன்னால் என்ன? பசி இல்லை, எறும்பு இல்லை. நாங்கள் வாய்ப்பாடு கத்தும்போதெல்லாம் தூங்குகிறான். "எழுதுங்க" என்றதும் கூடமே அடங்குகிறது, கண் திறக்கிறான். அவன் அழுதால் டீச்சர் திட்டுகிறார், அதே கூடத்தில் பக்கத்தில் உட்காரும் மூன்றாம் வகுப்பு சிரிக்கிறது, யாரும் எழுதுவதில்லை.

"டீச்சர், நாங்க எழுதும்போது மூணாவது கத்தட்டும். அதுங்க எழுதும்போது நாங்க கத்தறோம்."

"உன் தம்பிக்காக டைம்டேபிள மாத்தணுமா?"

"ஒரு நாள் மாத்திப் பாருங்க டீச்சர். அழுதான்னா நானே போய்டறேன்."

மாற்றினார். சாப்பாட்டு மணி வரை தம்பி அசையவில்லை. எங்கள் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை மூன்றாம் வகுப்புப் பொடிசுகள் காதால் கேட்டே பாடம் பண்ணிவிட்டன. சொல்வதெழுதுதலில் எனக்கு முதல்முறையாக முழு மார்க்.

டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது அம்மாவிடம் சொல்லிவிட்டார்: "உங்க பொண்ணு கிட்ட இருந்தா புள்ள அழறதே இல்லம்மா. பெரிய மூளக்காரி."

அம்மா காதில் முதல் பாதிதான் விழுந்தது.

"அழாம பாத்துக்கறியா? அப்ப நான் இன்னாத்துக்கு அர நாள்ல ஓடியாரணும்?"

மறுநாளே பக்கத்து ஊரில் முழுநாள் நடவுக்குப் போனாள். தம்பியைப் பால் குடிக்க அம்மாவிடம் வரப்புக்குத் தூக்கிப் போவதும், வீட்டில் உலை வைப்பதும் என் வேலை. நல்லபடியாகச் செய்தவள் தலையில்தான் இன்னும் பாரம் ஏற்றுவார்கள் என்று எனக்குத் தெரியாது. நடவு முடிந்ததும் திரும்பப் பள்ளிக்கூடம் போய்விடலாம் என்றே இருந்தேன். ஏரிக்கரையில் நடக்கும்போது காற்றில் வாய்ப்பாடு வரும். தம்பி தோளில் சாய்ந்து தூங்கிவிடுவான். காற்று திரும்பும்வரை நான் நிற்பேன்.

எதிர்வீட்டுப் பெரியம்மா வாசலில் நான்கு பேரை வைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏண்டி, இஸ்கூலுக்குப் போவல?"

"இல்ல பெரிம்மா. எல்லாத்தையும் நானே கத்துக்கினா மத்த புள்ளைங்களுக்கு இன்னா மிச்சம் இருக்கும்? பாவம்னு வுட்டுக்குடுத்துட்டேன்."