மேய்ச்சல் மாடும் கொட்டகை மாடும்

“எல்லாம் சரிம்மா. இதுல எங்க அக்காவோட கூலி எங்க இருக்கு?” என் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு மாமா கேட்டார். அம்மாவின் தம்பி. ஓசூரில் அவரும் மாடு வைத்திருக்கிறார்.

“நம்ம மாட்டுக்குச் சாணி அள்ள யாரு மாமா கூலி குடுப்பாங்க?” என்று சிரித்தேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். நான் போட்ட கணக்கை ஒருவர் சந்தேகப்படுவது எனக்குப் பிடிக்கவில்லை.

ஓசூரைத் தாண்டிக் கன்னட எல்லைக்குள் இருக்கும் எங்கள் சந்தாபுராவில் அம்மாவிடம் மூன்று கலப்பு மாடுகள் இருந்தன. காலையில் கறந்து அவிழ்த்துவிட்டால் வீடு கட்டாத காலி சைட்டுகளில் மேய்ந்துவிட்டுச் சாயங்காலம் தாமே வந்துவிடும். காய்கறிக் கடைகள் ஒதுக்கும் காலிஃபிளவர் இலை மீதி வயிற்றை நிரப்பும். பால் குறைவு, செலவும் அப்படியே. அதற்கு எதிராக, கொட்டகையிலேயே கட்டி, தீவனம் வாங்கிப் போட்டு வளர்க்கும் இரண்டு சீமை மாடுகளை வைத்துக் கணக்குப் போட்டேன். தீவனம், வைத்தியம், கடன் தவணை எல்லாம் கழித்தும் கொட்டகைதான் ஜெயித்தது. அம்மாவிடம் நான் கேட்கவில்லை, சொன்னேன். மூன்றையும் விற்று, கடன் வாங்கி இரண்டு சீமை மாடுகளைக் கொட்டகையில் கட்டினோம்.

பால் பெருகியது உண்மை. ஆனால் மேயப் போகாத மாட்டுக்குப் புல்லும் தண்ணீரும் யாராவது சுமந்து வர வேண்டும். முன்பு மாடுகள் போனபின் அம்மாவுக்கென்று ஒரு பகல் இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவோடு கன்னடத்தில் ஊர்வம்பு பேசிக்கொண்டே பூக்கட்டுவாள். அந்தப் பகல் என் கணக்கில் இல்லாததால், அது போனதையும் நான் கவனிக்கவில்லை.

மாமா மகளுக்குக் கல்யாணம் வந்தது. பழைய மாடுகளாக இருந்தால் பக்கத்து வீட்டு அக்காவே கறந்திருப்பார். புது மாடுகள் அம்மாவைத் தவிர வேறு கை பட்டால் உதைக்கும். “நீ போய்ட்டு வா. இதுங்கள விட்டுட்டு நான் எப்படி வர்றது?” என்றாள். பெண்ணுக்கு முதலில் நலங்கு வைக்க வேண்டிய அத்தை அவள்.

பட்டுப்புடவையில் நான் தனியாகப் போய் நின்றேன். “அத்தை எங்கடி?” என்றாள் மணப்பெண். “மாடு...” என்று இழுத்தேன். “படிச்ச பொண்ணப் பெத்தவளுக்கு ஒரு நாள் லீவு இல்லியா?” என்று ஒரு பெரியம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மாமா மட்டும் சிரிக்கவில்லை. என் இலையில் இன்னொரு ஜாங்கிரி வைத்துவிட்டு நகர்ந்தார். திட்டியிருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன்.

அலுவலகத்தில் என் வேலையே சம்பளப் பட்டியல் போடுவது. எனக்கு அரை மணி ஓவர்டைம் விட்டுப்போனாலும் மேனேஜர் முன்னால் போய் நிற்பேன். அப்படிப்பட்ட நான்தான் அம்மாவின் முழு நாளுக்குப் பூஜ்யம் போட்டிருந்தேன்.

ஊர் திரும்பியதும், கொட்டகை வேலைக்கு ஆள் வைத்தால் என்ன ஆகும் என்று விசாரித்து அதையும் சேர்த்தேன். கொட்டகையின் லாபம் மேய்ச்சல் லாபத்துக்குக் கீழே போய்விட்டது. நான் லாபம் என்று காட்டியதெல்லாம் அம்மாவின் உடம்பு. அம்மாவிடம் காட்டினேன்.

“இதுக்கு கம்ப்யூட்டர் வேற வேணுமா? என் முதுகைக் கேட்டிருந்தா சொல்லியிருக்குமே.”

தலை நிமிராமலே, எத்தனை மாடு வேண்டும் என்று கேட்டேன். “சீமை மாடு ஒண்ணு போதும். இன்னொண்ணு மேயறதா இருக்கட்டும்” என்றாள்.

போன வாரம் ஒரு சீமை மாட்டை விற்று, மேயும் மாடு ஒன்று வாங்கினோம். நான் மதிய ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டேன். மிச்சமிருக்கும் சீமை மாடு என் கைக்கும் பழகட்டும் என்று, நான்கு நாளாகக் காலையில் அம்மாவின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து கறக்கிறேன். இன்று அரை லிட்டர் வந்தது.