தொட்டிலில் கிடப்பவர்கள் மேல் ஒரு பொறாமை

லண்டன் கவுன்சில் ஒன்றின் பிறப்புப் பதிவு அலுவலகத்தில் தமிழுக்கு மொழிபெயர்ப்பவனுக்கு, கைக்குழந்தைகளைக் கண்டால் வயிறெரியும் என்று வேலையில் சேரும்போது யாரும் சொல்லவில்லை. நான், ஈழப் போரில் வீட்டார் இடம்பெயர்ந்த வழியில் ஒரு மரத்தடியில் பிறந்தவன். அப்போது பதிய அலுவலகம், எங்கள் பேச்சில் கந்தோர், அதுவும் இல்லை, பிறகு பதிய ஆளும் இல்லை. லண்டனுக்கு வந்த அன்று ஓர் அதிகாரி பார்த்துக் கொடுத்த ஜனவரி ஒன்றுதான் என் பிறந்தநாள். சான்றிதழுக்காக வரிசையில் நின்று கால் கடுத்த உங்களுக்கு என் எரிச்சல் புரியும்.

பெயர் இன்னும் வரவில்லை

குட்மேய்ஸிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். பதியும் கெடு நெருங்கிவிட்டது. பிள்ளைக்குப் பெயர் இல்லை. யாழ்ப்பாணத்துச் சாத்திரியார் முதலெழுத்துச் சொல்லிவிட்டார். கனடாவிலிருக்கும் மாமா எண்சாத்திரம் பார்த்து, வந்த பெயரையெல்லாம் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்கு ஷெல்லடிக்கு நடுவில் வாயில் வந்ததைப் பெயராக வைத்தார்களாம். இந்தப் பயலுக்கோ இரண்டு கண்டங்கள் மண்டையை உடைக்கின்றன! தகப்பன் என் காதருகே குனிந்தார்.

"இன்னும் ஒரு கிழமை, ஏழே ஏழு நாள் பொறுக்கச் சொல்லுங்கோ அண்ணை. எழுத்து வந்திட்டுது, எண்தான் பொருந்தேல்லை."

தாலி

வால்தம்ஸ்டோவிலிருந்து ஒரு பெண் தன் ஆண் குழந்தையோடு தனியாக வந்தாள். வெஸ்ட் ஈலிங்கில் கோயில் கல்யாணம், ஊரே கூடியிருந்தது. சட்டப்படி பதியத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை. நம்மவர்கள் செய்யும் வழக்கமான பிழை. அப்படியானால் தகப்பன் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர் பெயருக்கான இடம் வெறுமையாக இருக்கும் என்றார் பதிவாளர். அவள் கழுத்திலிருந்த தாலியை வெளியே இழுத்துக் காட்டினாள்.

"நாலு பவுணிலை சாட்சி தொங்குது. இதுக்கு மேலை என்ன வேணுமாம்?"

எதிர்த்த பஸ் தரிப்பிடம்

அவள் மறுபடி வந்தபோதும் தனியாகத்தான் வந்தாள். கணவனின் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. உள்ளே வந்தால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, எதிர்த்த பஸ் தரிப்பிடத்தில் நின்றான். இங்கே விசா கேட்பதில்லை என்று நான் அவளிடம் சொல்லியனுப்பியதை அவன் நம்பவில்லை. "வெறுமையா விடுங்கோ" என்று அவள் அழுதுகொண்டே சொல்ல, பதிவாளர் தட்டச்சத் தொடங்கினார்.

கதவு திறந்தது. வியர்த்து வழிய அவன் நின்றான். என்னைப் பதிய இப்படி ஒருவர் எந்தக் கதவையும் தாண்டி வரவில்லையே என்று நெஞ்சு காந்தியது. குழந்தை எதுவும் அறியாமல் தூங்கியது. கொடுத்துவைத்தவன். பேனாவை வாங்கியவன் என்னிடம் சொன்னான்:

"பிடிச்சுக்கொண்டு போனாலும் போகட்டும் அண்ணை. என்ரை பிள்ளைக்குத் தேப்பன் இல்லை எண்டு இருக்கக்கூடாது."

எனக்கென்றால், நான் பிறந்ததற்கு இன்றுவரை இருக்கும் ஒரே சாட்சி, நான் தவறாமல் வேலைக்கு வருவதுதான்.