கடலுக்கு ஒரு பிடி

மூர்த்திக்குப்பத்துக் காத்தவராயன் நான்கு வருடமாக வடதுருவக் கடலில் ஓடும் ஒரு சின்னப் பாய்மரப் படகில் சமையல்காரர். பனிக்கரடியும் திமிங்கலமும் பார்க்க வரும் எட்டுப் பேருக்குச் சமைத்துப் போடுவார். சாப்பாடு எதையும் கடலில் போடக் கூடாது என்பது அந்தப் படகின் விதி. விதி போட்டவன் கடலில் பிழைத்தவனா என்று அவருக்குக் கோபம். ஊரில் மீன்பிடிக்கப் போன நாளிலிருந்து, கடலுக்கு ஒரு பிடி போடாமல் அவர் சாப்பிட்டதில்லை. அங்கேயும் யாரும் பார்க்காதபோது, மீன் துண்டோடு ஒரு பிடி சோற்றைப் படகின் பின்பக்கம் போட்டுவிடுவார்.

போன ஜூலையில், காதில் தழும்புள்ள ஒரு கரடி மூன்று நாள் படகை ஒட்டியே நீந்தி வந்தது. வந்தவர்கள் குதூகலமாக வீடியோ எடுத்தார்கள்; பின்பக்கம் நின்ற காத்தவராயனும் அதில் விழுந்தார். "சாதாரணமாகக் கரடி இவ்வளவு கிட்ட வராதே" என்று கேப்டன் மட்டும் குழம்பினார்.

அடுத்த வாரம் அதே கரடி வேறொரு படகில் ஏறப் பார்த்தது. சுட்டுவிட்டதாக ரேடியோவில் சொன்னார்கள்.

அவர் ஊருக்கு வந்ததும் மனைவி கண்ணகி பக்கத்து வீட்டாருக்கெல்லாம், படகில் வந்தவர்கள் அனுப்பிய அந்த வீடியோவைக் காட்டினாள்.

"இன்னா அழகு பாரு! எங்க வூட்டுக்காரர் மூஞ்சியவே பாக்குது."

"மூஞ்சியப் பாக்கலடி," என்றார் காத்தவராயன். "கையப் பாக்குது."