தள்ளினால்தான் கிளம்பும் ஜீப்

எண்பதுகளின் நடுப்பகுதி. தர்மபுரி மாவட்டத்தில், ஏரியூரைத் தாண்டி ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் டாக்டராக இருந்தேன். படிப்பை முடித்து வந்த முதல் வேலை. மேட்டின் மேல் ஒரு ஓட்டுக் கட்டடம், கீழே பஸ் வந்து திரும்பும் இடம், வாசலில் ஒரு ஜீப். சுற்றிலும் இருந்த கிராமங்களுக்கு அந்த ஜீப்தான் எல்லாம். தடுப்பூசி போகவும் அதுதான், பிரசவ வலி கண்டவர்களை தர்மபுரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போகவும் அதுதான்.

ஜீப்பை ஓட்டியவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பொம்மிடிப் பக்கத்துக்காரர், குடும்பத்தோடு எங்கள் ஊரில் வாடகைக்குக் குடியிருந்தார். நிரந்தர டிரைவர் நீண்ட விடுப்பில் போய்விட்டதால் தினக்கூலிக்கு வந்தவர். அவரை நிரந்தரமாக்கலாம் என்று நான் எழுதிக் கொடுத்தால் நடக்கும் நிலை இருந்தது. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் அதைப் பற்றி அவர் ஒருநாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

ஜீப்பின் பின்பக்கம் ஒரு மருந்துப் பெட்டி திருகாணியால் முடுக்கப்பட்டிருந்தது. உள்ளே தகரம் அடித்த மரப்பெட்டி. பொழுது சாய்ந்த பிறகு டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு அதற்குள் மருந்து தேடுவது எனக்குப் பிடிக்கவில்லை. பென்னாகரத்தில் ஒரு எலக்ட்ரீஷியனைப் பிடித்து, மூடியைத் திறந்தால் எரிந்து மூடினால் அணையும்படி உள்ளே ஒரு விளக்கு வைக்கச் சொன்னேன். பழைய பிரேக் லைட் பல்பு, பேட்டரியிலிருந்து நேராக ஒரு ஒயர். மூடி வந்து அமுக்கினால் அணைகிற மாதிரி ஒரு சின்ன சுவிட்ச். வந்தவர்களுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டினேன். சில மாதம் கழித்து, மண்ரோட்டுப் புழுதி உள்ளே போகிறது என்று சைக்கிள் ட்யூபை நாடாவாக வெட்டி மூடியின் ஓரமெங்கும் நானே ஒட்டினேன். பெட்டிக்குப் பூட்டு உண்டு. சாவி எப்போதும் என் சட்டைப் பையில்தான். மருந்து விஷயத்தில் யாரையும் நம்பக் கூடாது என்பது அந்த வயதில் எனக்கு இருந்த எண்ணம்.

அந்த மழைக்காலம் முடிந்த சமயத்தில் ஜீப் மக்கர் செய்ய ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் ஒரு முனகல், அவ்வளவுதான். பேட்டரி இறங்கியிருக்கும். மேட்டில் நின்றதால் தள்ளிவிட்டால் சரிவில் உருண்டு கிளம்பிவிடும். சீட்டு வாங்கக் காத்திருக்கும் நோயாளிகளே தள்ளினார்கள். வண்டி தள்ளுகிறவர்களுக்கு வரிசையில் முதல் சீட்டு என்று எங்கள் நர்ஸ் ஒரு வழக்கத்தையே உண்டாக்கிவிட்டார்.

"காய்ச்சல்னு வந்தியே, இப்படித் தள்ளுற?" என்று ஒருவரைக் கேட்டார்.

"மொதச் சீட்டு கெடைக்குதுன்னா காய்ச்சல் செத்த நேரம் நிக்குமுங்க சிஸ்டர்!"

எல்லாரும் சிரித்தார்கள். டிரைவர் மட்டும் சிரிக்க மாட்டார். அவருக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்த உப்பை வெந்நீர் ஊற்றிக் கழுவி கிரீஸ் தடவினார். பெல்ட்டை இறுக்கினார். டைனமோவைக் கழற்றி தர்மபுரிக்கு எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பேட்டரியை பஸ்ஸில் ஏற்றிப் பென்னாகரம் கொண்டுபோய் சார்ஜ் ஏற்றி வந்து மாட்டுவார். அன்றைக்கெல்லாம் ஜீப் ஜோராக ஓடும். மறுநாள் காலை பழைய கதைதான்.

ஒருநாள் நானே அவருடன் பேட்டரிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொரு அறையாகச் சோதித்துவிட்டு, "பேட்டரி பழசுதானுங்க, ஆனா ஒண்ணும் கெட்டுப் போவல. ராத்திரியில எவனோ குடிச்சுட்டுப் போறானுங்க சார்" என்று சிரித்தார்.

அவர் விளையாட்டாகச் சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ராத்திரியில் யாரோ ஜீப்பை எடுக்கிறார்கள், விளக்கைப் போட்டபடி எங்கோ நிறுத்தி வைக்கிறார்கள். ஜீப்பின் சாவி யாரிடம் இருந்தது? டிரைவரிடம்.

சந்தேகம் வந்துவிட்டால் சாட்சிகள் தானாக வந்து சேரும். அந்த வாரமே ஜீப்பின் பின்பக்கத் தரையில் மீன் செதில்கள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். ஒகேனக்கல்லிலிருந்து மீன் ஏற்றி வந்து விற்கிறார் என்று முடிவு கட்டினேன். கேட்டதற்கு, "நேத்து கையில வெட்டுப்பட்ட பரிசல்காரரை ஏத்திக்கிட்டு வந்தோமுங்களே சார், அவரு கூடையில ஒட்டியிருந்ததுங்க" என்றார். முன்சீட்டில் உட்கார்ந்து வந்த நான் கூடை எதையும் பார்க்கவில்லை. நான் பார்க்காதது இருந்திருக்க முடியாது என்று நினைத்தேன்.

மார்கழி மாதம் ஒரு விடியற்காலை, முதல் பிரசவத்துக்கு வந்த பெண் ஒருத்திக்குக் குழந்தை குறுக்கே கிடந்தது. உடனே தர்மபுரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஜீப் கிளம்பவில்லை. அந்த நேரத்தில் தள்ளவும் ஆள் இல்லை. டிரைவர் ஸ்டீரிங்கில் இருக்க, நர்ஸ், அந்தப் பெண்ணின் புருஷன், நான், மூவரும் தள்ளினோம். சரிவின் முடிவு வரை உருண்டும் எஞ்சின் பிடிக்கவில்லை. கீழே டீக்கடை திறக்க வந்தவர்கள் ஓடி வந்து மறுபடி மேட்டுக்கு ஏற்றிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை பிடித்தது. அந்தப் பெண் ஜீப்புக்குள் படுத்துக்கொண்டு, ஒவ்வொரு குலுக்கலுக்கும், "ஆத்தா, ஆத்தா" என்று முனகிய குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் டிரைவர் மேல் எனக்குக் கோபம் ஏறிக்கொண்டே வந்தது.

வந்து இறங்கியதும் வாசலிலேயே, எல்லார் முன்னாலும் கேட்டேன். "ராத்திரியில் வண்டியை எங்கே எடுத்துக்கிட்டுப் போறே?" என்னைவிட மூத்தவரை அதுவரை 'நீங்க' என்றுதான் சொல்லிவந்தேன். அன்று அது போய்விட்டது.

"எம் புள்ளைங்க மேல சத்தியமா எடுக்கலீங்க சார். ராத்திரி நான் வூட்டுலதானுங்க இருக்கேன்."

"அப்போ பேட்டரியைப் பேயா குடிக்குது?"

"அதாங்க சார் எனக்கும் வெளங்கல. எங்கயோ கரண்டு போயிக்கிட்டு இருக்குது. ரெண்டு நாள் டைம் குடுங்க, ஒயரு மொத்தத்தையும் பிரிச்சுப் பாத்துடறேன்."

நான் கொடுக்கவில்லை. நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லி, மேலிடத்துக்கும் எழுதினேன். வண்டியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று எழுதியது என் கைதான். அவர் சாவியை மேஜைமேல் வைத்தார். போனவர் திரும்பி வந்து, "புதுசா வர்ற டிரைவர்கிட்ட வண்டிய மேட்டுலயே நிறுத்தச் சொல்லுங்க சார். கீழ நிறுத்திட்டா தள்ள முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புது டிரைவர் வருவதற்குச் சில நாள் ஆனது. அதற்குள் பேட்டரியை சார்ஜ் ஏற்றி வரவழைத்து மாட்டி வைத்தேன். ஜீப் சாவியும் என் பையில், பெட்டிச் சாவியும் என் பையில். ஜீப் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. மறுநாள் காலை சாவியைத் திருப்பிப் பார்த்தேன். ஒரு முனகல்.

மறுபடி திருப்பினேன், அதே முனகல். சாவி என்னிடம் இருக்கும்போது யார் குடித்தது?

அதே காலையில் சிரங்கு வந்த ஒருவருக்குக் களிம்பு தேவைப்பட்டது. உள்ளே தீர்ந்துவிட்டதால் ஜீப்பின் பெட்டியைத் திறந்தேன். விளக்கு எரிந்தது, திறந்தால் எரியும்தானே, அதில் ஒன்றும் தோன்றவில்லை. களிம்பு டப்பாவைத் திறந்தால் அது எண்ணெயாக உருகிக் கிடந்தது. பல நாளாகவே அப்படித்தான் இருந்தது. தர்மபுரி வெயில் என்று நினைத்திருந்தேன். ஆனால் அன்று பனி விலகாத மார்கழிக் காலை. போர்வை போர்த்திக்கொண்டுதான் நோயாளிகள் வந்திருந்தார்கள். பல்பின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். விரல் சுட்டது. அப்போதுதான் எரிய ஆரம்பித்த விளக்கு அப்படிச் சுடாது.

மூடியை மெதுவாக இறக்கி, ஒட்டியிருந்த ட்யூபை ஓரிடத்தில் விலக்கி, குனிந்து உள்ளே பார்த்தேன். மூடி பெட்டிமேல் உட்காரவில்லை, நான் ஒட்டிய ரப்பரின் மேல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கனத்தில் அது சுவிட்சைத் தொடவே இல்லை. உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் ரப்பர் ஒட்டிய நாளிலிருந்து இரவும் பகலும் அது எரிந்திருக்கிறது. வெளியே ஒரு கீற்று வெளிச்சம்கூடத் தெரியாமல் அந்த ரப்பரே மறைத்துக்கொண்டது. பெட்டியைத் திறக்கக்கூடிய ஒரே ஆள் நான்.

இதுவரை சொன்னது அறியாமல் செய்த தவறு. இனி சொல்லப்போவது அறிந்து செய்தது.

யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தேன். கட்டு அறுக்கும் கத்தரிக்கோலை எடுத்து விளக்கு ஒயரை வெட்டினேன். பல்பைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, களிம்புடன் உள்ளே வந்து உட்கார்ந்தேன். அவருக்கு ஆள் அனுப்ப வேண்டும், மேலிடத்துக்கு மறுபடி எழுத வேண்டும் என்று அன்று மாலை நினைத்தேன். நாளைக்கு எழுதலாம் என்று இருந்தேன். எழுதினால் எல்லார் முன்னாலும் நான் அவரைக் கேட்ட கேள்விக்கு எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும். அந்த 'நாளைக்கு' வரவே இல்லை.

பேட்டரியை மறுபடி சார்ஜ் ஏற்றி மாட்டி வைத்தேன். புது டிரைவர் வந்தார். சாவியைத் திருப்பியதும் ஜீப் கிளம்பியது. மறுநாளும், அதற்கு மறுநாளும். டீக்கடையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"பாத்தீங்களா சார்," என்றார் நர்ஸ். "இதுவரைக்கும் நான் நம்பலீங்க. பாவம், அவரு அப்படிப்பட்ட ஆளு இல்லன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். அவரு போனதும் ஜீப்புக்கு உசுரு வந்துடுச்சே!"

நான் தலையாட்டினேன். என் எழுத்தை நம்பாமல் இருந்தவர்களும் அந்த ஜீப் ஓடுவதைப் பார்த்து நம்பினார்கள். அவர் மேல் நான் வைத்த பழிக்கு, கத்தரித்த ஒயர் தினமும் காலையில் சாட்சி சொன்னது.

இரண்டு மூன்று வருடம் போனது. நான் மாற்றலாகிப் போய்விட்டேன். அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்து, சேலம் போக பொம்மிடி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தேன். தலையில் துண்டு கட்டித் தக்காளிக் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். அவர்தான். வேண்டாம் என்று சொல்லியும் டீ வாங்கிக் கொடுத்தார். வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரித்தார். கோபம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன், இல்லை. பிறகு அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

"சார், அந்த ஜீப்பு இப்ப ஸ்டார்ட் ஆவுதுங்களா? என்னன்னு கண்டுபுடிச்சீங்களா?"

அவர் முகத்தில் உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆசை இருந்தது. சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்கு வாய்த்திருக்காது. நான் சொன்னேன்: "பேட்டரியை மாத்திட்டோம்."

"பேட்டரியா? நான் டைனமோன்னு இல்ல நெனச்சேன்!" சிரித்தார். பிறகு, தக்காளிக் கூடைகள் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் அதுக்கப்பறம் ஸ்டீரிங்கு தொடலீங்க சார். வேற வண்டிக்குக் கூப்புட்டாங்க. எனக்குத்தான் பயம். வண்டி என் கைக்கு ஆவலையோன்னு. அந்தப் பொண்ணு அன்னைக்கு முனகிக்கிட்டுக் கெடந்துச்சே, அதுக்கு ஏதாவது ஆயிருந்தா?"

ரயில் வந்தது. கூட்டம். என் பெட்டியை அவரே ஜன்னல் வழியாக உள்ளே தள்ளி இடம் பிடித்துக் கொடுத்தார். ரயில் நகரும்போது ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கையசைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு பொம்மிடிக்குப் போய் விசாரித்தேன். அந்தக் குடும்பம் எப்போதோ பெங்களூர்ப் பக்கம் போய்விட்டது என்றார்கள். அவர் இருக்கிறாரா என்றுகூட யாருக்கும் தெரியவில்லை. அப்போதைய நர்ஸைத் தேடிப் போய் அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மாள், "அவரு இங்க இருந்தப்பவே சொல்லியிருக்கலாமுங்களே சார்" என்றார். நான் எனக்கே சொல்லிக்கொண்டதும் அதைத்தான்.

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் கதவு ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்ன சுவிட்சை ஒரு விரலால் அமுக்கி, உள்ளே விளக்கு அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூடுகிறேன். வயதாகிவிட்டதால் வந்த பழக்கம் என்று வீட்டில் நினைக்கிறார்கள். ஒரு மனிதர் தன் கையையே நம்பாமல் வாழ்ந்தாரே, அந்தக் கையில் குற்றம் எதுவும் இல்லை என்று சொல்ல எனக்கு பொம்மிடி ஸ்டேஷனில் ஒரு டீ குடிக்கும் நேரம் கிடைத்தது. அந்த டீயைக் குடித்து முடித்தேன், சொல்லவில்லை.