எழுத்துக்கு வேண்டிய இடம்

கிளிநொச்சியில் பதாகை அச்சடிக்கும் கடையொன்றில் அந்தப் பெண்மணியைச் சந்தித்தேன். நாற்பது வயதிருக்கும். மூக்குக்கண்ணாடி எப்போதும் தலையில்தான் இருக்கும். எந்தப் பெயரையும் முதலில் தாளில் அடித்துக் கடையின் வெளிச்சுவரில் ஒட்டுவார். பிறகு வீதியைக் கடந்துபோய், கண்ணாடியை இறக்கி, எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பார்.

நான் அண்ணருடைய கண்ணீர் அஞ்சலிப் பதாகைக்காகப் போயிருந்தேன். பல வருடங்கள் நான் அவரோடு கதைக்கவில்லை. பிழை என்னுடையது. இப்போதாவது ஊர் என்னைத் தம்பியாகப் பார்க்கட்டும் என்று, இருவர் பெயரையும் ஒரே பெரிய எழுத்தில் கேட்டேன். நான் தெரிந்தெடுத்துக் காட்டிய எழுத்து வகையில் தடித்த கோடுகள் விரல் தடிப்பில் இருந்தன. மெல்லியவை நூல்போல இருந்தன.

அவர் மாதிரியை ஒட்டிவிட்டு என்னையும் எதிர்ப்பக்கம் கூட்டிப்போனார். அங்கிருந்து பார்த்தால் மெல்லிய கோடுகளைக் காணவில்லை. தடித்த கோடுகள் மட்டும் கறுப்புத் தூண்களாக இரண்டு வரிசையில் நின்றன.

“இப்ப சொல்லுங்கோ ஐயா, செத்தது ஆர்?”

எனக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது.

“என்ர பேரைச் சின்னனாப் போடுங்கோ பிள்ளை.”

“ஓம். இந்த எழுத்துக்கு இடம் வேணும். அண்ணற்ர பேரைத் தனியப் பெரிசா விட்டா மெல்லிசுக் கோடும் தெரியும். உங்கட பேர் கிட்ட வாறவைக்குத் தெரிஞ்சாப் போதும்.”

எங்கள் ஊரான உடையார்கட்டுச் சந்தியில் பதாகையைக் கட்டினார்கள். அண்ணரின் பெயர் தூரத்திலேயே முழுதாகத் தெரிந்தது. என் பெயர் அவருடைய படத்துக்குக் கீழே சிறிதாக இருந்தது; அதை வாசிக்க நான் அந்தப் படத்தோடு ஒட்டி நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பெண் தெரிந்துதான் அதை அங்கே வைத்தாரா என்று இன்னும் யோசிக்கிறேன்.