ஒலிப்பதிவில் என் குரல்

அந்தப் பெண் மேசைமேல் வைத்துவிட்டுப் போன தட்டச்சுத் தாள்கள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கின்றன. வில்லியனூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் யார் யாரை எப்படி விளிக்கிறார்கள், எங்கே ‘வாங்க’, எங்கே ‘வா’ என்பதுதான் அப்போது என் ஆய்வு. ஊர் ஊராகப் போய்ப் பல மாதம் பதிவு செய்திருந்தேன். அந்தப் பதிவுகளைக் கேட்டு எழுத்தாக்கித் தர, பக்கத்து ஊரான உறுவையாற்றிலிருந்து எம்.ஏ. முடித்த ஒரு பெண் கிடைத்தார். வயல்கூலிக்குப் போகும் குடும்பம். “இருமினாலும் விடாதீங்க, பேசினது பேசினபடி வரணும்” என்று சொல்லியிருந்தேன்.

அப்படியே செய்திருந்தார். முதல் பக்கத்தில் ஒரு நிலக்காரர் வீடு. கல்லூரிகூட முடிக்காத அவர் மகனிடம் நான், “வாங்க தம்பி, இப்படி உக்காருங்க” என்கிறேன். அடுத்த பக்கத்தில் கரும்பு வெட்டிவிட்டு வந்த ஓர் அம்மாள். வயது எழுபதை நெருங்கும். அவரிடம் நான் சொல்கிறேன்: “இங்க வா. இப்பிடி உக்காரு. ஒம் பேரு இன்னா?”

அந்தப் பெண் தட்டச்சில் தவறாக அடித்துவிட்டாரோ என்று பதிவைப் போட்டு மூன்று முறை கேட்டேன். என் குரல்தான். அதட்டல்கூட இல்லை, பிரியமாகவே பேசுகிறேன். அதுதான் கூடுதல் பயத்தைத் தந்தது. நானும் நிலமுள்ள வீட்டில் பிறந்தவன்தான். ஊரார் வாயில் நான் தேடிக்கொண்டிருந்தது, எனக்கே தெரியாமல் என் வாயில் இருந்திருக்கிறது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். “அடிக்கும்போதே சொல்லியிருக்கலாமே?”

“இன்னான்னு சார் சொல்றது,” என்றார், தலை நிமிராமல். “அது எங்கம்மா.”

மகளை முதல் நாளிலிருந்து ‘நீங்க’ என்றே அழைத்துவந்தேன், படித்தவர் என்பதால்.

பிறகு ஆய்வேட்டில் என் பேச்சையே முதல் எடுத்துக்காட்டாக வைத்தேன். வழிகாட்டிப் பேராசிரியர் வேண்டாமென்றார், நான் அதை நீக்கவில்லை. இன்றும் புதியவர்களிடம் வாய் திறக்குமுன் ஒரு கணம் தயங்குகிறேன். ஆனால் அந்தப் பெண் அதைச் சொன்ன அன்று சாயங்காலம் என்னால் செய்ய முடிந்தது ஒன்றுதான். அவர்கள் வீட்டுக்குப் போனேன். வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அந்த அம்மாள் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

“நீங்க உக்காருங்கம்மா,” என்றேன்.

அவர் சட்டென்று திரும்பி, தமக்குப் பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தார்.

“ஒன்னத்தாம்மா சொல்றாரு,” என்றார் மகள் உள்ளேயிருந்து. “உக்காரு.”

அவர் உட்காரவில்லை. நான் கிளம்பும்வரை நின்றுகொண்டேதான் இருந்தார்.