தனி டம்ளர்

அவர் சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுபவர். எவ்வளவு கழுவினாலும் துரு நிறம் போகாத கைகள். எச்.ஐ.வி. சிகிச்சை மையத்தில் எங்கள் ஆய்வுக்கு வரும்போதெல்லாம், டீயைத் தன் பையிலிருக்கும் எவர்சில்வர் டம்ளரில்தான் ஊற்றச் சொல்வார்.

“டம்ளர்ல இது எப்பவுமே பரவாதுண்ணே. இப்ப உங்க ரத்தத்துலயும் கிருமி தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருச்சு” என்றேன்.

“இத்த என் வூட்டாண்ட வந்து சொல்லும்மா. தட்டு, டம்ளர் எல்லாம் எனக்குத் தனியா வெச்சிக்கீறா என் சம்சாரம்.”

ஆய்வு செய்பவர்கள் நோயாளி வீட்டுக்குப் போகக் கூடாது என்ற விதியைச் சொன்னேன்.

“அப்ப யாராண்டதான் சொல்லுவீங்கோ?” என்றபடி டம்ளரைக் கழுவிப் பையில் வைத்தார்.

அவரை எங்கள் ஆய்வின் வெற்றி என்று ஊர் ஊராக மருத்துவக் கூட்டங்களில் சொல்லிவிட்டோம். கொருக்குப்பேட்டையில் அவருடைய அந்த ஒரு வீட்டில்தான் இன்னும் சொல்லவில்லை.